மாடசாமி வீட்டுத் தண்ணீர்

கோவில்பட்டியில் வந்து இறங்கிய அன்று சாயங்காலத்துக்குள் எங்களை மூன்று பேர் ஊசி போடச் சொல்லிக் கேட்டுவிட்டார்கள். சட்டையில் ‘சிஸ்டர்’ என்று எழுதிய கறுப்புப் பட்டை, கணுக்காலைத் தொடும் பாவாடை, தோளில் பெரிய பை. ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த நர்ஸுகள் என்று யாரும் நினைக்கத்தான் செய்வார்கள். நர்ஸ் இல்லை என்றால் கன்னியாஸ்திரீகளா என்றார்கள். அதுவும் இல்லை, ஒன்றரை வருஷம் மட்டும் ஊழியம், முடிந்ததும் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொள்வோம் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்த பூக்காரம்மா, “அப்ப தலைவலி மாத்திரையாவது இருக்கா?” என்றார்.

நான் ஈப்போக்காரி. மலேசியாவில் பிறந்து வளர்ந்த தமிழச்சி, மோர்மன் என்கிற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவள். எங்கள் சபைப் பிள்ளைகளில் பலர் வயது வந்ததும் வேலையை, படிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, சபை காட்டும் ஊருக்குப் போய் ஊழியம் செய்வார்கள். எந்த ஊர் என்பது நம் கையில் இல்லை. என் தோழிக்குக் கனடா கிடைத்தது. எனக்கு இந்தியா. இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. கோயம்புத்தூரில் இருந்த எங்களை அந்த ஐப்பசியில் கொஞ்ச நாள் கோவில்பட்டியில் இருந்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்கள்.

எங்களை என்றால் என்னையும் லூப்பேயையும். ஊழியத்தில் இருவர் இருவராகத்தான் போக வேண்டும். குளிக்கிற நேரம் தவிர ஒருத்தி கண்ணிலிருந்து இன்னொருத்தி மறையக் கூடாது. லூப்பே பசிபிக் கடலுக்கு நடுவே இருக்கும் டோங்கா தீவைச் சேர்ந்தவள். வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம், அதற்குத் தக்க உடம்பு, தேங்காய் எண்ணெய் தடவிய சுருட்டை முடி. பஸ்ஸில் ஏறினால் பக்கத்துச் சீட்டுப் பெண்கள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் ரகசியமாகக் கேட்பார்கள்: “அவிய கேரளாவா?” ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று பல தடவை தோன்றியிருக்கிறது. டோங்கா எங்கே இருக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும்.

கடலை மிட்டாய்க் கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை. விடியும் முன்பே கீழே வெல்லப் பாகு கொதிக்கத் தொடங்கிவிடும். நாங்கள் எழுந்து முழங்காலில் நின்று ஜெபிக்கும்போது அந்த வாசனை படியேறி வரும். லூப்பேயின் ஜெபம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போனது. வயிறு அவசரப்படுத்துகிறது என்று அவளே ஒப்புக்கொண்டாள். காலையில் வேதப் படிப்பு, பிறகு தமிழ்ப் படிப்பு. அவளுக்கு நான் வாத்தியார். மாலையில் தீப்பெட்டி ஆலைப் பெண்களுக்கு இலவச ஆங்கில வகுப்பு. திங்கட்கிழமை துணி துவைத்துவிட்டு, பிரவுசிங் சென்டருக்குப் போய் வீட்டுக்கு ஈமெயில் எழுதுவோம். வீட்டுக்குப் போன் பேச வருஷத்தில் இரண்டு நாள்தான் அனுமதி. ஈமெயில் போய்ச் சேர்வதற்குள் மின்சாரம் போய்விடும். அந்தச் சென்டர்காரர் ஒவ்வொரு முறையும் தானே குற்றவாளி போல முகத்தை வைத்துக்கொள்வார்.

கடை அண்ணாச்சிக்கு எங்களைப் பார்த்தால் ஒரே வேடிக்கை. தினமும் காலையில் கீழே இறங்கியதும் கேட்பார்.

“டீ குடிக்கீங்களா?”

“வேண்டாம் அண்ணாச்சி.”

“காபி?”

“அதுவும் குடிக்க மாட்டோம். எங்கள் சபையில் யாருமே குடிக்க மாட்டோம்.”

“பின்ன என்னத்தக் குடிச்சு உயிர் வாழுதீங்க?”

லூப்பே தான் படித்த தமிழில் பதில் சொல்வாள்: “கடலை மிட்டாய்.” அண்ணாச்சி ஒரு பொட்டலம் எடுத்து நீட்டுவார். மூன்றாவது நாளே இது அவள் திட்டமிட்டுச் செய்கிற வேலை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

நாங்கள் வந்த காரியம் வேறு. முத்துமாரி என்று ஒரு பெண். நாகலாபுரத்துக்கு உள்ளே தள்ளி ஒரு சிறிய ஊர். கோயம்புத்தூரில் பஞ்சாலை விடுதியில் தங்கி வேலை பார்த்தபோது எங்கள் சபையில் சேர்ந்தவள். இப்போது அவளுக்கும் ஊழிய அழைப்பு வந்திருந்தது. பிலிப்பைன்ஸ். ஊருக்கு வெளியே கோயம்புத்தூரைத் தவிர வேறெதுவும் பார்க்காத பெண் கடல் தாண்டிப் போக வேண்டும். புறப்படும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா மாடசாமி சரி என்று சொல்லவில்லை. சட்டப்படி அவர் சம்மதம் தேவையில்லை. ஆனால் முத்துமாரி சொல்லிவிட்டாள்: “எங்கப்பா வாயால போயிட்டு வான்னு சொல்லாம நான் பஸ் ஏற மாட்டேன்.” போய் அவரிடம் பேசிப் பாருங்கள் என்றுதான் எங்களை அனுப்பியிருந்தார்கள்.

பஸ் எட்டயபுரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கறுப்பு மண், கண்ணுக்கெட்டிய தூரம். ஈப்போவில் பிற்பகல் ஆனால் மழை பெய்யும். குடை எடுக்காமல் போனால் அது நம் முட்டாள்தனம், அவ்வளவுதான். இங்கே பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவரும் ஜன்னல் வழியே முதலில் வானத்தைப் பார்த்தார்கள். விதைப்புக்கு உழுது போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். இறங்கியதும் லூப்பே வெடிப்பு விட்ட நிலத்தில் குனிந்து கையை நுழைத்தாள். மணிக்கட்டு வரை உள்ளே போனது. வீட்டுக்கு எழுத வேண்டும் என்றாள்.

மாடசாமி வாசலுக்கே வந்து கூட்டிப் போனார். ஒல்லியான, வேகமாக நடக்கிற மனிதர். எங்களுக்காக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் எங்கிருந்தோ இரவல் வாங்கிப் போட்டிருந்தார்கள். முத்துமாரியின் அம்மா வேலம்மா பளபளவென்று தேய்த்த செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

கொதிக்க வைக்காத தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்த விதி. வெளியூர்ப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் படுத்துவிடுகிறார்கள் என்று டாக்டர் சொன்னது. நான் சிரித்துக்கொண்டே, “வேண்டாங்க, எங்களிடம் இருக்கிறது” என்று சொல்லி, பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் குடித்தேன். லூப்பேயும் குடித்தாள். காபி போடட்டுமா என்றார் வேலம்மா. அதற்கும் வேண்டாம் என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

அதற்கப்புறம் மாடசாமி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஊழியம் என்றால் என்ன, பிள்ளையை எப்படிப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் தயாரித்து வைத்திருந்ததையெல்லாம் ஒப்பித்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஊர்ல மக எங்கன்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்ல? ஓடிப் போயிட்டாம்பாங்க. அவளுக்குப் பின்னால இன்னொருத்தி கல்யாணத்துக்கு நிக்கா.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “நீங்க பஸ்ஸுக்குக் கெளம்புங்க” என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் முத்துமாரி மாடிப்படி ஏறி வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“அக்கா, நீங்க தமிழ் ஆளுதான?”

“என்ன ஆச்சு?”

“எங்கம்மா விடியமுன்ன எந்திரிச்சு வரிசையில நின்னு பிடிச்ச நல்ல தண்ணி அது. ஊர்க் கெணத்துல உப்புத் தண்ணிதான் கெடக்கு. அதத் தொடாம ஒங்க பாட்டில எடுத்துக் குடிச்சா எங்க ஆளுகளுக்கு ஒரே ஒரு அர்த்தந்தான். டீக்கடையில எங்கப்பாவுக்குத் தனி கிளாஸ் வச்சிருந்த காலம் ஒண்ணு இருந்துச்சு. அத அவரு மறக்கல. நேத்து ராத்திரி எங்கம்மாட்ட சொல்லுதாரு, நம்ம வீட்டுத் தண்ணி ஆகாதவுகளோட எம்பொண்ண எப்பிடி அனுப்பன்னு.”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். அன்று அந்தக் கோபம் முழுவதும் என் மேலேயே வந்தது. ஈப்போவில் யார் வீட்டுக்குப் போனாலும் சிரப் கலந்த தண்ணீர் கொடுப்பார்கள், குடித்தால் குடி, வைத்தால் வை. அதில் யாரும் எதையும் படிப்பதில்லை. இங்கே ஒரு செம்புத் தண்ணீரை வைத்தே மனிதர்கள் என்னை எடைபோட்டிருக்கிறார்கள், நானோ அவர்களுக்கு ஊழியத்தைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றியிருக்கிறேன்.

முத்துமாரி சொன்னதை லூப்பேக்கு மொழிபெயர்த்தேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். “எங்கள் தீவில் ஒரு வீட்டில் கொடுத்ததை வேண்டாம் என்றால் அந்த வீட்டு நாய்கூட அப்புறம் நம்மை மதிக்காது” என்றாள். “தண்ணீர் விதி நம் வயிற்றுக்காக டாக்டர் போட்டது. வயிறுதானே, போகட்டும்.”

“காபி கொடுத்தால்?” என்றேன்.

“அது டாக்டர் போட்ட விதி இல்லை. கடவுளுக்கு நாம் கொடுத்த வாக்கு” என்றாள்.

அன்று ராத்திரியே மழை பிடித்தது. விடாமல் பெய்தது. அண்ணாச்சி கடைக்கு வந்த விவசாயிகள் எல்லாம் நனைந்தபடியே சிரித்துக்கொண்டு நின்றார்கள். மழை விட்டதும் கிளம்பினோம். நாகலாபுரத்தோடு பஸ் நின்றுவிட்டது. உள்ளே மண்ரோட்டில் போகாது என்றார் கண்டக்டர். சைக்கிள் கடையில் வாடகைக்கு இரண்டு சைக்கிள் எடுத்தேன். எங்கே போகிறோம் என்று கடைக்காரர் கேட்டார். சொன்னேன். “ஓட்டியா போறீய?” என்று மறுபடியும் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் டயருக்குக் காற்றடித்தார் என்பது இப்போது நினைத்தால் புரிகிறது.

தார் ரோடு முடிந்து மண்ரோடு தொடங்கிய சற்று நேரத்தில் என் சைக்கிள் நின்றுவிட்டது. கரிசல் மண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் புகுந்து, அடைத்துக்கொண்டது. குச்சியால் தோண்டி எடுத்தேன். நாலு சுற்று சுற்றியதும் மறுபடி அடைத்தது. உருட்டிப் பார்த்தேன். சக்கரம் சுற்றாமல் இழுபட்டது. செருப்பின் அடியில் மண் சேர்ந்து சேர்ந்து நான் வேறு உயர்ந்துகொண்டே போனேன். எதிரே வந்த ஒரு பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சாதாரணமாக நடந்து வந்தார். எங்களைப் பார்த்து, “மழ பேஞ்ச அன்னைக்கு நம்மதான் சைக்கிளச் சொமக்கணும் தாயி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

லூப்பே தன் சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி என்னைப் பார்த்தாள். வந்து என் சைக்கிளையும் வாங்கி இன்னொரு தோளில் போட்டுக்கொண்டாள். அவள் தீவில் கிழங்கு மூட்டை சுமப்பது இப்படித்தானாம். நான் செருப்புகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன். ஒரு தடவை உட்கார்ந்தபடி, இன்னொரு தடவை முழுசாக.

மாடசாமி விதைப் பெட்டியோடு நிலத்துக்குப் போகப் புறப்பட்டு வாசலில் நின்றிருந்தார். இரண்டு சைக்கிளைச் சுமந்து வருகிற லூப்பேயைப் பார்த்தார். பின்னால் சேற்றில் தோய்ந்து வருகிற என்னைப் பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் எங்கோ ஒரு மூலையில் சிரிப்பு வந்து போனது.

“ஏளா, வேலம்மா. வெளிய வந்து பாரு.”

“தண்ணி குடுங்கம்மா” என்று நானே கேட்டேன். பாட்டிலை வேண்டுமென்றே எடுத்து வரவில்லை. கேட்கும்போதே அழுதுவிட்டேன். தாகமும் உண்மைதான், அழுகையும் உண்மைதான். வேலம்மா என் முகத்தைப் பார்த்தார். ஒரு குடத்து உப்புத் தண்ணீரை எங்கள் கால்களில் ஊற்றினார். பிறகு உள்ளே போய் அதே செம்பை எடுத்து வந்தார். நான் அண்ணாந்து குடித்து முடித்தேன். லூப்பே இரண்டு செம்பு குடித்தாள். மாடசாமி கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை நாற்காலியில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தோம். கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார்கள். மீன் என்றால் லூப்பேக்குப் பிறந்த வீடு. மூன்றாம் முறை சோறு கேட்டதும் வேலம்மாவுக்கு மகளைவிட அவள்மேல் பிரியம் வந்துவிட்டது. எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைக்கும்போதே கருப்பட்டிக் காபி வந்தது. டம்ளரில் ஆவி பறக்க, என் முன்னால்.

“அம்மா, ஐயா, கோவிச்சுக்காதீங்க” என்றேன். “தண்ணீர் வேண்டாம் என்று அன்றைக்குச் சொன்னது தப்பு. அது என் அறிவு கெட்டதனம். ஆனால் காபியும் டீயும் நாங்கள் யார் வீட்டிலும் குடிக்க மாட்டோம். சாமியிடம் சொல்லியிருக்கிறோம்.”

அப்போது அடுப்படி வாசலில் நின்றிருந்த முத்துமாரி, “நானும் குடிக்கதில்லப்பா” என்றாள்.

வேலம்மா திரும்பினார். “என்னட்டி சொல்லுத? தெனமும் ரெண்டு வேள நாந்தான போட்டுக் குடுக்கேன்?”

“கன்னுக்குட்டித் தொட்டியில ஊத்திட்டேன்.”

“அடிப் பாவி. அதான் அது ராத்திரியெல்லாம் தூங்காம துள்ளிக்கிட்டுக் கெடந்துச்சா?”

யாரும் சிரிக்கவில்லை. மாடசாமிக்காகக் காத்திருந்தோம். அவர் என்னிடம் கேட்டார்.

“கோவில்பட்டியில அண்ணாச்சி மாடியிலதான இருக்கீங்க. அவிய வீட்டுல குடுத்தாலும் குடிக்க மாட்டீங்களா?”

“தினமும் கேட்கிறார் ஐயா. தினமும் வேண்டாமென்றுதான் சொல்கிறோம்.”

“அதவிடப் பெரிய வீட்டுல குடுத்தா?”

“எந்த வீட்டிலும் இல்லை.”

அவர் தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். “நான் வருஷா வருஷம் கார்த்திகையில சபரிமலைக்கி மாலை போடுதவன். மாலை போட்டவன் கறி திங்க மாட்டான், பாயில படுக்க மாட்டான். அது மாதிரியா?”

நாலு மாதமாகக் கோயம்புத்தூரில் எத்தனையோ பேருக்கு எங்களை விளக்க முயன்று தோற்றிருந்தேன். “அது மாதிரிதான் ஐயா” என்றேன்.

“மாலை போட்டா கழுத்துல தெரியும்.”

நான் மொழிபெயர்த்தேன். லூப்பே தன் சட்டையில் இருந்த பெயர்ப் பட்டையைத் தொட்டுக் காட்டினாள்.

“எத்தன நாளு?”

“ஒன்றரை வருஷம்.”

“ஒரு மண்டலத்துக்கே எனக்கு நாக்கு செத்துப்போவும்” என்றார் அவர். மகளைப் பார்த்தார். “ஒன்னால முடியுமாட்டி?”

“முடியும்ப்பா.”

சரி என்று சொல்லவில்லை. எனக்கு எதுவும் போதிக்க வேண்டாம், எனக்கு என் சாமி இருக்கிறது என்றார் மாடசாமி. நான் தலையாட்டினேன். விதைப் பெட்டியை எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போய்விட்டார். வேலம்மா காபி டம்ளரை எடுத்து, எங்களைப் பார்த்துக்கொண்டே தானே குடித்தார்.

அதற்கப்புறம் இரண்டு நாள் நான் படுக்கையில். விதி போட்ட டாக்டர் சும்மா போடவில்லை. இரண்டு செம்பு குடித்த டோங்காக்காரிக்கு ஒன்றும் ஆகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தாள். நான் கோபத்தில் அவளைப் பேசாத பேச்சில்லை. அவள் தமிழில் “சரி சரி” என்றாள்.

மூன்றாம் நாள் கீழே கடைக்கு முத்துமாரியிடமிருந்து போன் வந்தது. எஸ்.டி.டி. பூத்தில் நின்று அழுதுகொண்டு பேசினாள். விதைப்பு முடிந்த அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா கேட்டாராம்: “எப்பட்டி கெளம்பணும்?” அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லையாம். போதும் என்றேன். போனை வைத்துவிட்டுக் கடை வாசலிலேயே லூப்பேயைக் கட்டிக்கொண்டேன். அண்ணாச்சி ஒன்றும் புரியாமல் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார்.

அவள் கிளம்பும் நாள் கோவில்பட்டி ஸ்டேஷனுக்கு நாங்களும் போனோம். முத்துமாரி புதுச் சேலை, தலை நிறைய மல்லிகை. வேலம்மா அழுவதும் மகள் தலையில் பூவைச் சரிசெய்வதுமாக இருந்தார். மாடசாமி பெட்டியைத் தலையில் சுமந்து வந்து இறக்கிவிட்டு, பிளாட்பாரத்தின் கடைசியில் போய்த் தனியாக நின்றுகொண்டார். தெரிந்தவர்கள் யாரும் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று நிற்கிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. சம்மதித்துவிட்டார், ஆனால் ஊரை நினைத்துக் கூசிக்கொண்டுதான் அனுப்புகிறார். ஈப்போ விமான நிலையத்தில் என் அப்பாவும் இப்படித்தான் ஒரு தூண் ஓரமாக நின்றார்.

ரயில் வந்தது. முத்துமாரி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மாடசாமி வேகமாக வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ரயில் நகர்ந்தபோது கையை எடுத்தார். அந்த நேரம் பார்த்து நாகலாபுரம் பக்கத்து ஆள் ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரிடம் வந்தார்.

“என்ன மாடசாமி, மக எங்கன போறா?”

மாடசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வேலம்மாவைப் பார்த்தார். பிறகு ரயில் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி சொன்னார்.

“எம்பொண்ணு மாலை போட்டுருக்கா. ஒன்றர வருஷம். வெளிநாட்டுக்குப் போறா. முடிச்சிட்டு வருவா.”

அந்த ஆள் வாய் திறந்தபடி நின்றார். பக்கத்துப் பெஞ்சில் யாரோ ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் எதையும் கேட்கவில்லை. மாடசாமி அவரிடமும் போய்ச் சொன்னார்.